குளியலறைக்கு ரோஸ் சாயம்: கடை அட்டையை நம்பி முடிவெடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தலைநகர் கோலாலம்பூரின் சாயக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வரவேற்பறைக்கு என்ன நிறம் என்று வீடே கூடிப் பேசும். குளியலறைக்கு மட்டும், "அந்த ரோஸ்ல ஒரு அஞ்சு லிட்டர் கொடுங்க" என்று கடைசி நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நாளேடுகளின் வீட்டு அலங்காரப் பக்கங்களிலும் ரோஸ் நிறக் குளியலறைகளின் படங்கள் அடிக்கடி வருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அந்த அறையின் டைல் என்ன நிறம், எந்த விளக்கின் கீழ் படம் எடுத்தார்கள், சாயம் பளபளப்பா மங்கலா என்று ஒரு வரியும் இருப்பதில்லை. இந்த மூன்றையும் படத்தின் கீழே சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். வெள்ளையையோ சந்தன நிறத்தையோ இவை தெரியாமல் வாங்கினாலும் பெரிதாகப் பிழை வராது. ரோஸ் அப்படியல்ல.

கடையில் இருக்கும் வண்ண அட்டையில் இருபது ரோஸ் இருந்தால் அவை மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். மஞ்சள் பக்கம் சாய்ந்தவை ஒன்று: பீச், சால்மன், பவளம் போன்றவை. நீலப் பக்கம் சாய்ந்தவை இன்னொன்று: பஞ்சுமிட்டாய் ரோஸ், லாவண்டர் கலந்தவை, மெஜந்தாவை வெளுக்க வைத்தது போன்றவை. மூன்றாவது, சாம்பலோ மண் நிறமோ கலந்து அடங்கிப்போனவை: வாடிய ரோஜா, டெரகோட்டா ரோஸ். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ரோஸாகத்தான் தெரியும். ஒரு வெள்ளை ஏ4 தாளை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அடிச்சாயல் உடனே வெளியே வரும். இன்னொரு வழியும் உண்டு. அதே அட்டை வரிசையில் கடைசியாக இருக்கும் மிக அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். அது செங்கல் நிறமாக இருந்தால் மேலே உள்ள வெளிறிய ரோஸும் மண் பக்கம்தான். அது ஊதா கலந்த சிவப்பு என்றால் மேலே உள்ளதும் நீலப் பக்கம்.

இதில் எதை எடுப்பது என்பதை டைல்தான் முடிவு செய்யும். கட்டுமான நிறுவனங்கள் கொடுக்கும் வீடுகளில் பெரும்பாலும் 30க்கு 60 சென்டிமீட்டர் அளவில் பீஜ் அல்லது கிரீம் டைல் ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் நீலம் சாய்ந்த ரோஸ் அடித்தால் டைல் அழுக்கேறிய மஞ்சளாகத் தெரியும். வீட்டுக்காரர் டைலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், போகாது. டைலில் ஒன்றும் இல்லை, பக்கத்து நிறம்தான் அப்படிக் காட்டுகிறது. பீஜுக்கு மேல் பீச் அல்லது டெரகோட்டா ரோஸ்தான் பொருந்தும். சாம்பல் டைலுக்கு அடங்கிய ரோஸ் நன்றாக அமையும். ஆனால் சாம்பலுக்கு அருகே எந்த நிறமும் ஒரு படி கூடுதலாகத் தெரியும் என்பதால் நினைத்ததைவிட வெளிறியதை எடுக்க வேண்டும். எழுபது எண்பதுகளில் கட்டிய தெரஸ் வீடுகளில் இன்னும் ரோஸ் நிறக் கழிவறைத் தொட்டியும் முகம் கழுவும் தொட்டியும் இருக்கின்றன. அவற்றின் நிறத்துக்கு அச்சு அசலாகச் சாயம் கலக்கச் சொல்லிக் கடைக்காரரை வாட்ட வேண்டாம். பீங்கானின் பளபளப்பும் சுவரின் பரப்பும் ஒளியை ஒரே மாதிரி திருப்புவதில்லை. இயந்திரம் சரியாகவே கலந்தாலும் கண்ணுக்கு ஒட்டாது. அதே குடும்பத்தில் இரண்டு படி வெளிறியது, இல்லாவிட்டால் வெதுவெதுப்பான வெள்ளை, அதுவே போதும்.

அடுத்தது விளக்கு. குழப்பத்தில் பெரும் பங்கு இதனுடையதுதான். நம் வீடுகளில் பழக்கத்தால் வாங்குவது 6500 கெல்வின் 'டேலைட்' பல்பு. கெல்வின் எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடும், இறங்க இறங்க மஞ்சள் கூடும்; இதன் ஒளி நீலம் கூடியது. நீலம் சாய்ந்த ரோஸ் அதன் கீழ் ஊதாவாகவே மாறிவிடும், சாம்பல் கலந்தது உயிரற்றுப் போகும். அதைவிட முக்கியமான ஒன்று பல்புப் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும்: சிஆர்ஐ. நிறங்களைப் பல்பு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரையிலான அளவு அது. சாதாரண எல்இடி பல்பு நீல ஒளியை மஞ்சள் பாஸ்பரால் வெள்ளையாக்கிக் காட்டுகிறது. அதில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. சுவர் ரோஸாகத் தெரிய வேண்டுமானால் திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பு ஒளி அதன்மேல் விழ வேண்டும் அல்லவா? சிஆர்ஐ 80 உள்ள பல்புகளில் அடர் சிவப்பைக் காட்டும் திறனைக் குறிக்கும் ஆர்9 என்ற அளவு பூச்சியத்தை ஒட்டியே இருப்பதுண்டு. சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் உள்ளதை மாட்டினால் அதே சுவர் அதே சாயத்துடன் வேறு அறை போலத் தெரியும். ஆகவே சாயத்தை மாற்றும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள், செலவும் குறைவு. குளியலறைக்கு 4000 கெல்வின் நடுவான தேர்வு. 3000 கெல்வினுக்குப் போனால் பீச் நிறங்கள் ஆரஞ்சாகிவிடும், அங்கே அடிச்சாயல் அதிகம் இல்லாத ரோஸ் அல்லது இலேசாக நீலம் சாய்ந்தது நன்றாக நிற்கும். 6500ஐ விட மனமில்லை என்றால் மஞ்சள் சாய்ந்த ரோஸை எடுங்கள். நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் விளக்குப் பொருத்தி ஐபி44 தரமாவது இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

சன்னலையும் பார்க்க வேண்டும். கொண்டோமினியங்களில் குளியலறைச் சன்னல், கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட காற்றுக் கிணற்றைப் பார்த்திருக்கும், பகலிலும் ஒளி மங்கல். தரை வீட்டில் சன்னலுக்கு வெளியே வாழையோ மாமரமோ இருந்தால் இலையில் பட்டு வரும் ஒளி பச்சை. பச்சை ஒளியில் ரோஸ் சாம்பலாகும். மேற்குப் பக்கச் சன்னல் மாலை ஐந்து மணிக்கு எந்த ரோஸையும் செம்பவளமாக்கிவிடும். கொஞ்ச நேரத்துக்குத்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வண்ண அட்டையின் பின்புறம் அல்லது நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். பூச்சியம் கரும் கறுப்பு, 100 தூய வெள்ளை. எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதன் அளவு அது. சன்னல் சிறியதாக, சுவர் பாதிக்கு மேல் சாயமாக இருக்கும் அறைக்கு 65 முதல் 75 வரை எடுங்கள். சிறிய அறையில் நான்கு சுவர்களும் ஒன்றுக்கொன்று நிறத்தை எறிந்துகொள்வதால், அட்டையில் மென்மையாகத் தெரிந்த ரோஸ் சுவரில் இரண்டு மடங்கு ரோஸாகிவிடும். அட்டையில் "இது சரியாக இருக்கிறது" என்று தோன்றுவதற்கு ஒரு படி, முடிந்தால் இரண்டு படி மேலே உள்ளதுதான் உண்மையில் உங்களுக்கு வேண்டிய நிறம். டைல் ஏழடி உயரத்துக்கு ஏறி, மேலே இரண்டடிப் பட்டை மட்டுமே மிச்சமென்றால் கதை வேறு. அங்கே வெளிறிய நிறம் கழுவிப்போனது போல இருக்கும். 40, 45 வரை துணிந்து இறங்கலாம்.

மாதிரி பார்ப்பதை யாரும் செய்வதில்லை, செய்தால் பாதிப் பணம் மிச்சம். சுவரில் நேரடியாகத் தீட்டாமல் இரண்டடிச் சதுர பிளைவுட் அல்லது தடித்த அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் வெள்ளை விடுங்கள். எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலக்கும் சாயம், ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்தால் சற்று அடர்த்தியாகும். ஆகவே முழுதாகக் காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். காலை எட்டு மணி, நண்பகல், இரவு விளக்குப் போட்டபின் என்று மூன்று நேரமும், டைலை ஒட்டி, நின்றபடி வைத்துப் பாருங்கள். தரையில் கிடத்திப் பார்த்தால் வேறு நிறம்தான் தெரியும். கண்ணாடி முன் நின்று முகத்தையும் பாருங்கள். சுவரின் ரோஸ் முகத்தில் விழும். காலையில் அவசரமாக முகப்பூச்சும் உதட்டுச்சாயமும் போடுகிறவர்கள் வெளியே போனபின்தான் அது கூடுதலா குறைவா என்று தெரிந்துகொள்வார்கள்.

நிறம் மங்குவது பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். ரோஸ் என்பது நிறைய வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு. அந்தக் கொஞ்சம் சிவப்பு எது என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. இரும்பு ஆக்சைடு சிவப்பில் செய்த ரோஸ், அதாவது டெரகோட்டா, வாடிய ரோஜா வகைகள், வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் அசையாது. சுவரையும் நன்றாக மறைக்கும், இரண்டு கோட் போதும். பளிச்சென்ற ரோஸ்கள் பெரும்பாலும் கரிமச் சிவப்பில், அதாவது கார்பன் சேர்மங்களான செயற்கைச் சிவப்பில், செய்யப்படுபவை. அவற்றில் சில, வெள்ளையில் நீர்த்த நிலையில் வெயில் படும் இடத்தில் வெளுத்துவிடும். அடர் பளிச் ரோஸில் வெள்ளை குறைவு என்பதால் மறைக்கும் சக்தியும் குறைவு, மூன்று நான்கு கோட் கேட்கும். அதற்குக் கீழே அதே சாயலில் வெளிறிய அண்டர்கோட் அடித்தால் ஒரு கோட் மிச்சமாகும். கடையில் கலந்து கொடுக்கும்போது டின்னில் ஒட்டும் சீட்டில் எந்தக் கலர் எத்தனை அளவு என்று அச்சாகியிருந்தால், அதில் ரெட் ஆக்சைடு இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியும்.

புதிதாகச் சிமெண்டு பூசிய சுவர் என்றால் நான்கு வாரம் காயவிடாமல் சாயத்தைத் தொடக்கூடாது. புதுச் சிமெண்டின் காரம் சில கரிமச் சிவப்புகளைத் தின்றுவிடும், ரோஸ் சுவரில் திட்டுத் திட்டாக வெளிறிய மேகங்கள் வரும். மேலே மறுபடி அடித்தாலும் திரும்ப வரும். காரம் தாங்கும் சீலர் ஒரு கோட் கட்டாயம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு சுவரை உடைத்துக் குழாய் மாற்றியவர்கள் அந்த இடத்தை மட்டும் பண்டிகைக்குப் பின் அடித்துக்கொள்ளட்டும்.

பினாங்கு, ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் பகுதியின் பழைய சுவர்கள் பல செங்கலும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரம் ஏறிச் சுவர் வழியாகவே ஆவியாகி வெளியேற வேண்டும். அதன் மேல் கழுவக்கூடிய அக்ரிலிக் ரோஸ் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சாயம் தோலாக உரியும், பின்னால் உப்பும் பூக்கும். வீட்டின் பின்பக்கம் பிற்காலத்தில் சேர்த்த குளியலறையில் இதை நிறையப் பார்க்கலாம். தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை டைல் போட்டுவிட்டு, மேலே சுண்ணாம்புச் சாயமோ சிலிக்கேட் கனிமச் சாயமோதான் சரி. சுண்ணாம்பில் ரோஸ் வர இரும்பு ஆக்சைடு சிவப்புப் பொடிதான் நம்பகமாக நிலைக்கும். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பொடி போனால் கையில் ஒட்ட ஆரம்பிக்கும். ஈரமாக இருக்கும்போது பயமுறுத்தும் அளவு அடர்த்தியாகத் தெரியும். காய்ந்தால் பல படி வெளுக்கும்.

இனி அளவு. ஐந்துக்கு எட்டு அடி அறை, உயரம் ஒன்பது அடி, டைல் ஏழடி வரை என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 26 அடி, மேலே இரண்டடிப் பட்டை 52 சதுர அடி, சன்னல் கழித்தால் 48. அது 4.5 சதுர மீட்டர், இரண்டு கோட்டுக்கு 9. ஒரு லிட்டர் ஒரு கோட்டாக நடைமுறையில் 8 முதல் 10 சதுர மீட்டர் போகும். ஆகவே ஒரு லிட்டர் மட்டுமட்டு, இரண்டு லிட்டர் தாராளம். டைல் நான்கடிதான் என்றால் கதவும் சன்னலும் கழித்து 11 சதுர மீட்டர், மூன்று லிட்டர் வேண்டும். சீலிங்குக்குத் தனியாக ஒரு லிட்டர். ஐந்து லிட்டர் எந்தக் கணக்கிலும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கலந்த சாயத்தைக் கடை திருப்பி எடுக்காது. இரண்டு டின் வாங்கினால் அடிக்கும் முன் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். ஒரே எண்ணாக இருந்தாலும் டின்னுக்கு டின் இம்மி வேறுபடும், ரோஸில் அது சுவரின் நடுவே கோடாகத் தெரியும்.

சீலிங்கைத் தூய வெள்ளையாக விட்டால் கீழிருந்து எறியும் ரோஸில் அது அரைகுறையாகச் சிவக்கும். அதே நிறத்தைக் கால் பங்கு கலர் மட்டும் சேர்த்துக் கலந்து தரச் சொன்னால் சீலிங் வெள்ளையாகவும் சுவரோடு சேர்ந்ததாகவும் இருக்கும். பளபளப்பில் நடுத்தரமான செமிகிளாஸ் அல்லது ஷீன் எடுங்கள். மங்கல் சாயத்தில் நீராவி ஊறும், துடைத்தால் திட்டு விழும். முழுக் கிளாஸ் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். டின்னில் பூஞ்சைத் தடுப்பு என்று எழுதியிருக்க வேண்டும், வெறும் உள்சுவர் எமல்ஷன் போதாது.

சுவரில் கறுப்புப் புள்ளி இருந்தால் அதன் மேல் அடிக்கவே கூடாது. ஒரு பங்கு குளோராக்ஸ் (ப்ளீச்), மூன்று பங்கு தண்ணீர், கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் காயவிடுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியா கலந்த கிளீனரையோ அதனுடன் சேர்த்துவிடாதீர்கள். வரும் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும். பழைய சாயம் எண்ணெய்ச் சாயமாக இருந்தால், ஈர உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்துப் பிடிப்பு பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகே எமல்ஷன். இல்லையேல் நகத்தால் கீறினாலே உரிந்து வரும். மிகப் பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

அடிப்பது காலையில். கோலாலம்பூரில் பருவம் மாறும் மாதங்களில், குறிப்பாக அக்டோபர் நவம்பரில், பிற்பகல் மழை வழக்கம். மழைக்காற்றின் ஈரத்தில் இரண்டாவது கோட் இழுபடும். டின்னில் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் கோட்டுக்குக் கோட் நான்கு மணி நேரம் விடுங்கள். டைல் ஓரத்தில் ஒட்டுத்தாளை இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். சிலிக்கான் மேல் சாயம் பிடிக்காது, ஆகவே சாயம் முதலில், சிலிக்கான் பிறகு. அடித்து முடித்த மூன்று நாளாவது அந்த அறையில் சுடுநீர்க் குளியல் வேண்டாம். வேறு குளியலறை இல்லாத வீட்டில் வாளித் தண்ணீரில், சுவரில் படாமல் குளித்துக்கொள்ளலாம்.

புதிதாகச் சாயம் அடித்த சுவரில் முதல் சில வாரங்களில் தேன் வடிந்தது போலப் பழுப்புக் கோடுகள் இறங்கினால் பதறாதீர்கள். காயும் முன் நீராவி பட்டதால் சாயத்தில் உள்ள சவர்க்காரத் தன்மையுள்ள பொருள் வெளியே வருகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், இரண்டு மூன்று முறை வரலாம். டைல் இடுக்கிலும் குழாய் அடியிலும் ரோஸ் நிற வழுவழுப்பு படிந்தால் சாயம் கரைந்து ஒழுகுகிறது என்று சாயக்காரரைத் திட்ட வேண்டாம். அது பெரும்பாலும் செராஷியா என்ற பாக்டீரியா, சோப்புப் படிவில் வளர்வது. வெள்ளைக் குளியலறையிலும் இருக்கும். தேய்த்துக் கழுவிக் குளோராக்ஸ் தண்ணீர் விட்டால் போகும், ஈரம் நின்றால் மறுபடி வரும்.

ஈரத்தை வெளியேற்றாமல் எந்தச் சாயமும் நிற்காது. மேலே சொன்ன அளவு அறையின் கொள்ளளவு 360 கன அடி. மணிக்கு எட்டு முறை காற்று மாற நிமிடத்துக்குச் சுமார் 50 கன அடி இழுக்கும் காற்றாடி வேண்டும். அதன் குழாய் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். சீலிங்குக்கு மேலே விட்டால் பூஞ்சை அங்கே குடியேறும். கதவின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இல்லையென்றால் காற்றாடி சுற்றும், காற்று நகராது. குளித்தபின் இருபது நிமிடம் ஓடட்டும்.

அடுக்குமாடியில் சீலிங்கில் வட்டமாகப் பழுப்புக் கறை வந்தால் அது மேல்வீட்டுக் கசிவாக இருக்கலாம். அதன் மேல் சாயம் அடிப்பது வீண். அடுக்குமாடி வீடுகளுக்கான, மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின்படி, நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல்வீட்டில்தான் பழுது என்றே அந்த விதிகள் எடுத்துக்கொள்கின்றன. கசிவை அடைத்து, முழுதாகக் காய்ந்த பின், கறை தடுக்கும் பிரைமர், அதன் பிறகு சாயம்.

மிஞ்சிய சாயத்தை டின்னிலேயே வைக்காமல் கண்ணாடி ஜாடியில் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள். டின்னின் மேல் ஒட்டிய சீட்டைப் படம் எடுத்து, அடித்த மாதத்தையும் எழுதி, கழுவும் தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பிறகு ஒட்டுப்போட நேர்ந்தால் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடிக்க வேண்டும். நடுவில் மட்டும் தொட்டால் ரோஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிக்கு,
சாயப்பூச்சுத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
செந்தூல், கோலாலம்பூர்